முப்பது ரூபாய் குமாஸ்தா

நம் இதழில் மகான்கள், சங்கீத வித்வான்கள், நீதிபதிகள் என்று எத்தனையோ பெரியோர்களின் சரித்திரம் வந்திருக்கிறது. கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜனைப் பற்றியும் நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அவருக்கு இருந்த பக்தியும், 1729 என்ற டாக்ஸி எண்ணும் பள்ளிக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அவர் வேலை தேடி அலைந்த வருஷங்களையும், கடைசியில் கிடைத்த 30 ரூபாய் உத்தியோகத்தையும் முக்கியமாக வைத்து எழுத ஆசைப்படுகிறேன். அதற்குக் காரணம் என் பேரன்.

என் பெண் வயிற்றுப் பேரன் இன்ஜினீயரிங் படிப்பை முடித்துச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) வேலைக்கான உத்தரவு கொடுத்துவிட்டு, சேரும் தேதியை ஒன்பது மாதம் தள்ளிக்கொண்டே போனார்கள். சேர்ந்த பிறகு, பயிற்சிக் காலம் என்று சொல்லிக் கொடுத்த சம்பளம் பெங்களூரில் ஹாஸ்டல் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போயிற்று. ராத்திரி பதினொரு மணி வரை வேலை. ஒரு வருஷம் ஆனதும் புராஜெக்ட் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது எங்கள் அகத்தில்தான் இருக்கிறான். காலையில் ஸ்நானம் முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து விண்ணப்பங்கள் அனுப்புகிறான். நூறு தாண்டிவிட்டது. வேலை இல்லை என்று பதில் போட்டால்கூடத் தேவலை, ஒன்றுமே வருவதில்லையே தாத்தா என்று போன மாதம் ஒரு நாள் சொன்னான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து அலமாரியிலிருந்து ராமானுஜன் சரித்திரத்தை எடுத்தேன்.

எங்கள் துறைமுகம்

அந்தப் புத்தகம் ஏன் ஞாபகத்துக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் துறைமுகத்தை ஒட்டி வாழ்கிறவர்கள். தோப்பும்படியில் பழைய ஹார்பர் பாலத்தைத் தாண்டினால் வில்லிங்டன் தீவு. 1920-ல் கொச்சிக்கு வந்த சர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினீயர், காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு அது. அங்கே ஒரு கப்பல் ஏஜென்ஸியில் முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தாவாகவும், பிறகு சூப்பரின்டென்டன்டாகவும் இருந்து ரிடையர் ஆனவன் நான்.

என் தகப்பனார் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு மண்டியில் கணக்குப்பிள்ளை. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் கூலி வேலை எப்படிக் கிடைத்தது என்பதை அவர் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். விடியற்காலையில் ஆட்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்பார்கள். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் காண்டிராக்டரின் ஆள் ஒரு பை நிறைய உலோக வில்லைகளுடன் வருவான். அதற்குச் சாப்பா என்று பெயர். அவற்றை வாரிக் கூட்டத்துக்குள் வீசுவான். விழுந்து புரண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிப் பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை உண்டு. கையில் சாப்பா கிடைக்காதவன் பட்டினியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இந்த வழக்கத்தை எதிர்த்து 1953-ல் தொழிலாளிகள் இரண்டு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி என்ற இரண்டு தொழிலாளிகள் குண்டு பட்டு இறந்தார்கள். போலீஸாரின் அடியில் ஆன்டணி என்பவர் இறந்தார். நான் அப்போது கைக்குழந்தை. அன்று பஜாரில் எல்லாக் கடைகளையும் அடைத்துவிட்டார்கள் என்றும், மண்டிக்குள் மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்துவிட்டு இருட்டிய பிறகுதான் அகத்துக்கு வந்ததாகவும் அப்பா சொல்வார். சாப்பா முறை பிறகு ஒழிந்தது.

ராமானுஜனும் ஒரு துறைமுகத்துச் சம்பளக்காரர்தான். சென்னைத் துறைமுகத்தில், கணக்குப் பிரிவில், கடைநிலைக் குமாஸ்தா. அந்த நாற்காலியில் வந்து உட்கார அவருக்கு ஏறக்குறைய ஏழு வருஷம் பிடித்தது.

துணிக்கடைக் குமாஸ்தாவின் பிள்ளை

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தகப்பனார் குப்புசாமி ஸ்ரீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் இருபது ரூபாய் அளவில்தான். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி அதில் கிடைத்த சொற்பத்தையும் குடும்பத்தில் சேர்ப்பார். வெளியூரிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டும் கொஞ்சம் வருமானம் வந்தது. அந்தக் காலத்து நம் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் காலம் தள்ளின.

டவுன் ஹைஸ்கூலில் பையன் எல்லாப் பாடத்திலும் கெட்டிக்காரன். 1904-ல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு பெற்றுப் பள்ளிப் படிப்பை முடித்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்தது. பிள்ளை எஃப்.ஏ., பி.ஏ. என்று முடித்து, தாலுகா ஆபீஸிலோ ஹுஜூர் ஆபீஸிலோ உட்கார்ந்துவிடுவான் என்று பெற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஸ்காலர்ஷிப் போயிற்று

அதற்கு முந்தைய வருஷம் கார் என்ற ஆங்கிலேய ஆசிரியர் எழுதிய கணிதத் தொகுப்புப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணம் மட்டும் சுருக்கம். ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க ஆரம்பித்தவர் மற்றப் பாடங்களை மறந்தார். இங்கிலீஷில் தேறவில்லை. ஸ்காலர்ஷிப் போயிற்று. ஒரு பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம். தகப்பனாரின் ஒன்றரை மாதச் சம்பளம் அது.

1905 ஆகஸ்டில் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். வீட்டார் ஹிந்து பத்திரிகையில் காணவில்லை என்று விளம்பரம் கொடுத்துத் தேட வேண்டியதாயிற்று. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடற்கூற்றியல் பாடம் அவரைக் கவிழ்த்தது. அந்த வருஷமும், அடுத்த வருஷம் தனியாக எழுதியபோதும், எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி.

இன்று நாம் இதைப் படிக்கும்போது, மேதைக்குப் பரீட்சை ஒரு பொருட்டா என்று சிரித்துக்கொள்கிறோம். அன்று அவர் நிலை வேறு. எஃப்.ஏ. தவறிய பிராமணப் பையன் என்றால் சர்க்கார் உத்தியோகத்துக்கான வாசல் பெரும்பாலும் மூடியது என்று அர்த்தம். அவருக்குக் குலத்தொழில் என்று கையில் ஒன்றும் கிடையாது. நிலம் கிடையாது. வயது இருபது.

திண்ணையும் சிலேட்டும்

அடுத்த சில வருஷங்கள் கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் கழிந்தன. காலை மடித்து உட்கார்ந்து, மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு, காகிதம் வாங்கக் காசில்லாததால் எல்லாக் கணக்கையும் சிலேட்டில் போடுவார். துணி தேடும் நேரம்கூட வீண் என்று முழங்கையாலேயே அழிப்பார். முடிவு மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். அந்த நோட்டுகளைத்தான் உலகத்துக் கணித நிபுணர்கள் நூறு வருஷமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள்.

ட்யூஷன் சொல்லிக் கொடுத்தும் பார்த்தார். பாடப் புத்தகத்தில் உள்ள வழியை விட்டு எங்கேயோ போய்விடுவார். பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கு அது உதவுமா? ட்யூஷனும் நிலைக்கவில்லை.

தாயார் பார்த்தார். 1909 ஜூலையில் ராஜேந்திரம் கிராமத்துப் பெண் ஜானகியைக் கல்யாணம் செய்து வைத்தார். பெண்ணுக்கு அப்போது பத்து வயதுதான். ஆனால் கிருஹஸ்தன் என்று ஆகிவிட்டால் சம்பாத்தியம் வேண்டுமே. 1910-ல் அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. செலவுக்குப் பணமில்லை. ஒரு டாக்டர் தர்மமாகச் செய்துகொடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு தடவை சென்னையில் உடம்பு மிகவும் மோசமாகி, கல்லூரித் தோழர் ஒருவர் அவரைக் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி விட்டார். ஏறும் முன் தம் நோட்டுப் புத்தகங்களை அந்தத் தோழரிடம் கொடுத்து, தாம் பிழைக்காவிட்டால் இன்ன பேராசிரியரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் இருந்த சொத்து அவ்வளவுதான்.

கதவு கதவாக

உடம்பு தேறியதும் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார். 1910-ன் பிற்பகுதியில் திருக்கோவலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. முனிசிபாலிட்டியோ தாலுகா ஆபீஸோ எதுவானாலும் சரி.

ராமஸ்வாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ரெவின்யூ இலாகாவில் கடைசிப் படியில் ஒரு இடம் கொடுத்து இந்தப் பிள்ளையின் திறமையை நசுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் கையை விரித்துத் திருப்பி அனுப்பவும் இல்லை. சென்னையில் இருந்த பி.வி. சேஷு ஐயருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். சேஷு ஐயர் கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்குப் பாடம் சொன்னவர். அங்கிருந்து, நெல்லூரில் கலெக்டராக இருந்த திவான் பகதூர் ஆர். ராமச்சந்திர ராவைப் பார்க்கப் போனார்.

ராவ் முதலில் நம்பவில்லை. குள்ளமான, தடித்த உருவம், மழிக்காத முகம், அழுக்கு வேஷ்டி, ஒளிவிடும் கண்கள், கக்கத்தில் கிழிந்த நோட்டு. இப்படித்தான் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். நோட்டில் இருந்தது அவருக்கு முதலில் புரியவில்லை. இது உண்மையான சரக்கா, வெறும் பிதற்றலா என்று தீர்மானிக்க முடியவில்லை. ஆனாலும் திரும்ப வரச் சொன்னார். இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகு, எளிய கணக்கிலிருந்து படிப்படியாக ராமானுஜன் விளக்கவும், ராவுக்கு சந்தேகம் தீர்ந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சியைத் தொடரச் சாப்பாட்டுக்கு வழி இருந்தால் போதும் என்றார் ராமானுஜன். அவரைச் சென்னைக்கே திருப்பி அனுப்பி, மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பி வந்தார் ராவ். ஸ்காலர்ஷிப்புக்கும் முயற்சி செய்தார். பட்டம் இல்லாதவருக்கு அது கிடைக்கவில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படி நடந்தது. 1911-ல் கணிதக் கழகத்தின் இதழில் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை வெளிவந்தது. ஆனால் ஒருவர் தயவில் சாப்பிடுவது ராமானுஜனுக்கு உறுத்தியது. தம் கையால் சம்பாதிக்க வேண்டும் என்று மறுபடி வேலை தேடினார். 1912 ஜனவரியில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் மாதம் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலை கிடைத்தது. சில வாரம்தான். அதுவும் முடிந்தது.

முப்பது ரூபாய்

1912 பிப்ரவரி 9-ந் தேதி, திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ் விலாசத்திலிருந்து சென்னைப் போர்ட் டிரஸ்டுக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து, நிலைமை சரியில்லாததால் மேலே படிக்க முடியாமற் போனதையும், பிறகு தம் நேரமெல்லாம் கணிதத்தில் செலவானதையும், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதையும் எழுதியிருந்தார். கூடவே பிரசிடென்ஸி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் சிபாரிசு. மார்ச் 1-ந் தேதி வேலையில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலைக் குமாஸ்தா. மாதம் 30 ரூபாய்.

அந்த முப்பது ரூபாயை நாம் ஏளனமாகப் பார்க்கக் கூடாது. அதன் பிறகுதான் ஜானகியை அழைத்துவந்து சென்னையில் குடித்தனம் வைக்க முடிந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நிச்சயம், தலைக்கு மேல் இருந்த பாரத்தை இறக்கியது. ஆபீஸ் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கணக்குப் போடுவார். துறைமுகத்தில் சரக்குகளைச் சுற்றி வந்த காகிதத்தைத் தேடிப் பொறுக்கி, அதில் எழுதுவார். வேலை அவர் தகுதிக்கு எவ்வளவோ தாழ்ந்ததுதான். ஆனால் அங்கே அவருக்கு இரண்டு பாக்கியம் வாய்த்தது.

ஒன்று, எஸ். நாராயண ஐயர். போர்ட் டிரஸ்டில் பெரிய பொறுப்பில் இருந்தவர். முன்பு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்தவர். ஆபீஸ் முடிந்ததும் பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் உள்ள அவர் வீட்டில், மேலதிகாரியும் கடைசிக் குமாஸ்தாவும் ஆளுக்கொரு சிலேட்டோடு ராத்திரி வெகு நேரம் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொருவர் சேர்மன் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். நாராயண ஐயர் எடுத்துச் சொன்னதைக் கேட்டு, இந்தக் குமாஸ்தாவுக்காகச் சென்னையிலும் இங்கிலாந்திலும் செல்வாக்குள்ளவர்களைத் தூண்டியவர். வெறும் அதிகாரிகளாக இருந்திருந்தால், ஆபீஸ் காகிதத்தில் சொந்தக் கணக்குப் போட்டதற்கு மெமோ கொடுத்திருப்பார்கள். ஆபீஸில் நான் பார்த்த பலர் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஒரு தபால்

கேம்பிரிட்ஜில் இருந்த இரண்டு பெரிய நிபுணர்களுக்கு ராமானுஜன் எழுதினார். உதவி எதுவும் கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16-ந் தேதி மூன்றாவதாக டிரினிட்டி கல்லூரி ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். வருஷம் 20 பவுண்டு சம்பளத்தில் சென்னைப் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தாவாக இருப்பவன் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, தாம் கண்டுபிடித்த சூத்திரங்களைப் பக்கம் பக்கமாக இணைத்திருந்தார். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் இப்படிப்பட்ட கடிதங்கள் ஹார்டிக்குப் புதிதல்ல. அன்று ராத்திரி தம் சகா லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து அதைப் பார்த்தார். பிப்ரவரி 8-ந் தேதி பதில் எழுதிவிட்டார்.

அதே பிப்ரவரி மாதம் வானிலை இலாகாவின் தலைவரும் கணிதப் புலமை மிக்கவருமான கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். ஸ்பிரிங் அவரிடம் நோட்டைக் காட்டினார். வாக்கர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி ஸ்காலர்ஷிப் கொடுக்க விதி இடம் தரவில்லை. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று அதன் சட்டத்தின் முகப்பிலேயே இருப்பதைக் காட்டி ஆதரித்தார்கள். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுத்தால் போதும். போர்ட் டிரஸ்ட் அவருக்குச் சம்பளமில்லா விடுமுறை கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னும் விதி அதேதான், நோட்டும் பெரும்பாலும் அதேதான். இந்தத் தடவை அதைப் படித்துவிட்டு எழுதிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

கடல் கடந்தும் திரும்பியும்

பிறகு நடந்தது நீங்கள் அறிந்தது. 1914 மார்ச் 17-ந் தேதி, தாம் குமாஸ்தாவாக இருந்த அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாஸா என்ற கப்பலில் புறப்பட்டார். பல்கலைக்கழகம் வருஷம் 250 பவுண்டு கொடுத்தது. 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, அதே வருஷம் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. ஆனால் முதல் உலக யுத்த காலம். காய்கறி கிடைப்பது அரிது. தாமே சமைத்துச் சாப்பிட்டவர், பல நாள் சரியாகச் சாப்பிடாதவர். 1917 முதல் ஆஸ்பத்திரியும் சானிடோரியமுமாக ஆயிற்று.

1919-ல் ஊர் திரும்பினார். உடம்பு தேறவில்லை. படுக்கையில் இருந்தபடியே கடைசி வரை எழுதினார். அந்தத் தாள்கள் பிற்பாடு கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்து, 1976-ல் அமெரிக்கக் கணித நிபுணர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடல் கடந்து போனவர், பிராயச்சித்தம் செய்யவில்லை என்று ஆசார சீலர்களான பந்துக்களில் பலர் கடைசிக் காரியத்துக்கு வரவில்லை. நம் சமூகத்தின் இந்தக் குறையை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

ஜானகி அம்மாளுக்குப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. அது போதாமல் தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்துக் கொடுத்து ஜீவித்தார். பெற்றவர்களை இழந்த ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1994-ல் காலமானார். கணவருடைய சரித்திரத்தில் அவருடைய உழைப்புக்கு நாம் கொடுத்த இடம் மிகக் குறைவு.

ராமானுஜனின் அகால மரணத்தைவிட, பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரையிலான காலம் வீணாகிப் போனதைத்தான் பெரிய நஷ்டமாக ஹார்டி கருதினார். ஒரு கணித நிபுணனுக்கு அதுதான் முக்கியமான பருவம் என்பது அவர் அபிப்பிராயம். நாம் பெருமையோடு சொல்லும் கஷ்ட காலம் முழுவதும் அந்த நஷ்டக் கணக்கில்தான் சேர்கிறது. கஷ்டம் ராமானுஜனை உருவாக்கவில்லை. அவரைக் குறைத்தது.

மிச்சப் பணம்

இந்தச் சரித்திரத்தில் என் மனதை மிகவும் தொட்டது 1919 ஜனவரி 11-ந் தேதி அவர் இங்கிலாந்திலிருந்து எழுதிய ஒரு கடிதம். ஊர் திரும்பிய பிறகு அவருக்கு வருஷம் 250 பவுண்டு என்று பல்கலைக்கழகம் முடிவு செய்திருந்தது. அது தம் தேவைக்கு அதிகம் என்று பதிவாளருக்கு எழுதினார். பெற்றோருக்கு 50 பவுண்டு போகட்டும், தம் அவசியச் செலவு போக மிச்சமானதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 32 ரூபாய் கட்ட முடியாமல் வீட்டை விட்டு ஓடிய பிள்ளை, நோய்ப் படுக்கையில் இருந்துகொண்டு நினைத்தது அதைத்தான்.

என் கணக்கு

இனி என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1980-களில் நான் ஆபீஸில் சூப்பரின்டென்டன்டாக இருந்தபோது, தோப்பும்படியைச் சேர்ந்த ஒரு மீனவக் குடும்பத்துப் பையன் வேலை கேட்டு வந்தான். ப்ரீ டிகிரியில் இங்கிலீஷ் மட்டும் தவறியிருந்தான். டாலி குமாஸ்தாவுக்கு, அதாவது கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவருக்கு, ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு ப்ரீ டிகிரி தேவையே இல்லை. பாஸ் செய்துவிட்டு வா என்று தலையை நிமிர்த்தாமல் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த இடத்துக்கு நமக்குத் தெரிந்த ஓர் அகத்துப் பிள்ளையைச் சொல்லி வைத்தேன். அப்போது அது உபகாரம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது யோசித்தால், அதுவும் ஒரு சாப்பாதான். கூட்டத்தில் வீசாமல், தெரிந்த கையில் வைத்துவிட்டேன், அவ்வளவே. ராமானுஜனுக்குக் கடிதம் கொடுத்தவர்கள் பலரும் அவருக்குத் தெரிந்த வட்டம்தான் என்பது உண்மை. படித்த பிராமணர் என்ற அறிமுகம் அவரை டெபுடி கலெக்டரின் வாசல் வரை கொண்டு சேர்த்தது. சென்னைத் துறைமுகத்தில் அவர் காகிதம் பொறுக்கிய இடத்தில் மூட்டை தூக்கிய கூலியாளுக்கு அந்த வாசல் கிடையாது. ஆனால் அந்தப் பெரியவர்கள் ஜாதியை மட்டும் பார்த்து எழுதிக் கொடுக்கவில்லை. நோட்டைத் திறந்து பார்த்தார்கள். புரியாதபோது மறுபடி வரச் சொன்னார்கள். ஹார்டிக்கும் வாக்கருக்கும் அவர் எந்த விதத்திலும் சொந்தமில்லை. நான் திறந்து பார்க்கவே இல்லை.

இந்த இதழ் பல ஊர்களில் இருக்கும் உறுப்பினர்களுக்குப் போகிறது. நம்மில் பலர் வங்கியிலும் கம்பெனியிலும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கிறார்கள், இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. உங்களிடம் வரும் விண்ணப்பத்துக்கு, இல்லை என்றாலும் இரண்டு வரி பதில் போடுங்கள். மார்க்கைப் பார்க்கும் முன் பையனோ பெண்ணோ என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களிடம் இடம் இல்லாவிட்டால், இடம் இருக்கக்கூடிய இன்னொருவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கேட்பவர் நம்மவரா என்று பார்க்காதீர்கள். பயிற்சிக் காலம் என்ற பெயரில் வயிற்றுக்குப் போதாத சம்பளம் கொடுப்பது உங்கள் ஆபீஸில் நடந்தால், ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இதையெல்லாம் என் பேரனிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ராமானுஜனிடம் நோட்டு இருந்தது, என்னிடம் என்ன இருக்கிறது தாத்தா என்றான். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, நீ கல்லூரியில் செய்த அந்தப் புராஜெக்டை எனக்குக் காட்டு என்றேன். புரியாது என்றான். புரியாவிட்டால் நாளைக்கும் உட்கார்கிறேன் என்றேன். இப்போது தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் உட்காருகிறோம். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது.